20 மில்லிமீட்டர் தண்டுக்கு எந்த புஷ்? அழுத்தம், வேகம், பி.வி. எல்லை ஆகியவற்றின் அடிப்படையில் ஓர் ஒப்பீடு

புழுங்கலரிசி ஆலையொன்றில் நெல்லை நகர்த்தும் கன்வேயரின் ஓட்டுச் செயின் ஓரிடத்தில் திசை திரும்புகிறது என்றும், அந்த இடத்தில் ஓர் ஐட்லர் ஸ்புராக்கெட், அதாவது விசை தராமல் செயினைத் திருப்பிவிட மட்டுமே சுழலும் பல்சக்கரம், இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஸ்புராக்கெட் 20 மில்லிமீட்டர் தண்டில் கீ போட்டுப் பொருத்தப்பட்டிருக்கிறது. தண்டின் இரு முனைகளும் 25 மில்லிமீட்டர் நீளமுள்ள இரண்டு புஷ்களில், அதாவது தண்டைச் சூழ்ந்து தாங்கும் உருளைக் குழல்களில், சுழல்கின்றன. வேகம் நிமிடத்துக்கு 200 சுற்று. செயினின் இழுவையால் ஒவ்வொரு புஷ் மீதும் விழும் சுமை 800 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 80 கிலோ எடை. ஆலை நாளுக்கு 12 மணி நேரம் ஓடுகிறது. காற்றில் உமித்தூசியும் ஈரமும் இருக்கின்றன. இந்த புஷ்ஷை எதில் செய்வது என்பதுதான் கேள்வி.

இதற்கு நான்கு பதில்கள் வழக்கத்தில் உள்ளன. கிரீஸ் இட்ட வார்ப்பு வெண்கலம், எண்ணெய் ஊறவைத்த சின்டர் வெண்கலம் (தூளை அழுத்திச் சூட்டில் பிணைத்தது), எஃகு முதுகில் டெஃப்லான் பூசிய மெல்லிய புஷ், நைலான் அல்லது டெல்ரின் என்ற பிளாஸ்டிக் ஆகியவையே அவை. பால் பேரிங் ஏன் கூடாது என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். 20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சாதாரண இன்செர்ட் பேரிங்கின் இயங்குசுமைத் திறன் 12.8 கிலோநியூட்டன் அளவில் இருப்பதால், 800 நியூட்டன் சுமைக்கு அதன் கணக்கு ஆயுள் 3 லட்சம் மணி நேரத்தைத் தாண்டும். இடம் இருந்தால் அதையே போடலாம். ஆனால் அதன் வெளிவிட்டம் 47 மில்லிமீட்டர். இருபுறமும் தகடு நெருக்கும் இடத்தில் 28 மில்லிமீட்டர் வெளிவிட்டத்துக்கு மேல் இடம் இல்லாதபோதுதான் புஷ் பற்றிய கேள்வியே எழுகிறது. நம் எடுத்துக்காட்டும் அப்படிப்பட்ட இடம்தான்.

கணக்கின் முதல் படி

அழுத்தம் என்பது சுமையை புஷ்ஷின் நீளத்தாலும் உள்விட்டத்தாலும் வகுத்தால் கிடைப்பது. தண்டு உண்மையில் புஷ்ஷின் ஒரு குறுகிய பட்டையில்தான் அழுந்துகிறது என்றாலும், நீளம் பெருக்கல் விட்டம் என்ற நிழற்பரப்பை எடுத்துக்கொள்வது இத்துறையின் வழக்கம். பட்டியல்களில் உள்ள எல்லைகளும் அந்த வழக்கத்திலேயே தரப்படுகின்றன. 800 நியூட்டனை 20 பெருக்கல் 25, அதாவது 500 சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் 1.6 மெகாபாஸ்கல். தண்டின் புறவேகம் விநாடிக்கு 0.21 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 0.335. அழுத்தம் (P), வேகம் (V) ஆகியவற்றின் இந்தப் பெருக்கற்பலனே பி.வி. இதன் அலகு மெகாபாஸ்கல் பெருக்கல் மீட்டர்/விநாடி; இனி வரும் பி.வி. எண்கள் யாவும் இதே அலகில் உள்ளவை.

இந்த எண் ஏன் முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ளாமல் பட்டியலைப் பார்ப்பதில் பயனில்லை. அழுத்தத்தையும் வேகத்தையும் பெருக்கி உராய்வுக் குணகத்தாலும் பெருக்கினால், ஒரு சதுர மில்லிமீட்டரில் விநாடிதோறும் பிறக்கும் வெப்பம் கிடைக்கிறது. ஆகவே பி.வி. எல்லை என்பது அடிப்படையில் வெப்பத்துக்கான எல்லை. நம் புஷ்ஷில் உராய்வுக் குணகம் 0.1 என்றால் 17 வாட் வெப்பம் உண்டாகும், 0.3 என்றால் 50 வாட். கைபேசிகளைப் பழுதுபார்க்கும் கடையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட் என்பதை நினைவில் கொண்டால், இரண்டு சால்டரிங் அயர்ன்களை ஒரு கட்டை விரல் பருமனுள்ள புஷ்ஷுக்குள் செருகி வைத்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கலாம். வெண்கலம் அந்த வெப்பத்தை வெளியே கடத்திவிடும். நைலானின் வெப்பக் கடத்துதிறன் வெண்கலத்தினுடையதில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் வெப்பம் உள்பரப்பிலேயே தங்கி, பரப்பை இளக்கி, உராய்வை மேலும் கூட்டும்.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு செய்தி உண்டு. பி.வி. எண் கூடுதலாக வந்தால் தண்டைப் பருமனாக்கினால் சரியாகிவிடும் என்று எண்ணுவது இயல்பு. விட்டம் கூடினால் அழுத்தம் குறைவது உண்மைதான். ஆனால் அதே விகிதத்தில் புறவேகம் கூடிவிடுகிறது. இரண்டையும் பெருக்கும்போது விட்டம் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். எஞ்சுவன சுமை, சுற்று எண்ணிக்கை, புஷ்ஷின் நீளம் ஆகிய மூன்று மட்டுமே. 20 மில்லிமீட்டர் தண்டை 40 மில்லிமீட்டர் ஆக்கினாலும், நீளம் 25 மில்லிமீட்டராகவே இருந்தால் பி.வி. அதே 0.335தான். அதைக் குறைக்க வேண்டுமானால் நீளத்தைக் கூட்ட வேண்டும், அல்லது சுமையையோ சுற்றையோ குறைக்க வேண்டும். ஆனால் நீளம் விட்டத்தின் ஒன்றரை மடங்கைத் தாண்டினால், தண்டு சிறிது வளைந்தாலும் சிறிது சாய்ந்து பொருத்தப்பட்டாலும் சுமை புஷ்ஷின் ஓரத்தில் குவியும். அப்போது காகிதத்தில் குறைந்த அழுத்தம் ஓரத்தில் கூடியிருக்கும். பருமனான தண்டு வளைவைக் குறைத்து நீளமான புஷ்ஷுக்கு இடம் தருகிறது என்பதே அதனால் கிடைக்கும் மறைமுகமான நன்மை.

ஒரே பெருக்கற்பலன், மூன்று எல்லைகள்

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று எல்லைகள் இருக்கின்றன: தாங்கக்கூடிய மிகுதியான அழுத்தம், மிகுதியான வேகம், இரண்டின் பெருக்கம். மூன்றில் எது முதலில் மோதுகிறதோ அதுவே அந்தப் பொருளுக்கான தீர்ப்பு. வடிவமைப்புக் கையேடுகளில் பரவலாகக் காணப்படும் எண்கள் ஏறத்தாழ இவை (அழுத்தம் மெகாபாஸ்கலில், வேகம் மீட்டர்/விநாடியில்). எஸ்.ஏ.இ. 660 எனப்படும் ஈயம் கலந்த வார்ப்பு வெண்கலத்துக்கு அழுத்தம் 28, வேகம் 3.8, பி.வி. 2.6. எண்ணெய் ஊறிய சின்டர் வெண்கலத்துக்கு அழுத்தம் 14, வேகம் 6, பி.வி. 1.75. எஃகு முதுகு டெஃப்லான் புஷ்ஷுக்கு இயங்கும் நிலையில் அழுத்தம் 140, வேகம் 2.5, தொடர் ஓட்டத்துக்கு பி.வி. 1.8. நைலானுக்கும் டெல்ரினுக்கும் அழுத்தம் 7 அளவில், வேகம் 3, பி.வி. 0.1 மட்டுமே.

பி.வி. எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பது எவ்வளவு பிழையானது என்பதற்கு நம் 0.335ஐயே எடுத்துக்கொள்ளலாம். 33.5 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் விநாடிக்கு 0.01 மீட்டர் நகரும் ஒரு கீல் அச்சுக்கும் பி.வி. 0.335, 0.067 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் விநாடிக்கு 5 மீட்டர் ஓடும் சிறிய விசிறித் தண்டுக்கும் பி.வி. 0.335. கீல் அச்சில் சின்டர் வெண்கலம் நசுங்கும், வார்ப்பு வெண்கலமும் தன் எல்லையைத் தாண்டிவிடும், டெஃப்லான் புஷ் எளிதாகத் தாங்கும். விசிறித் தண்டில் அதே டெஃப்லான் புஷ் வேக எல்லையில் தோற்கும், கிரீஸ் இட்ட வார்ப்பு வெண்கலமும் தோற்கும், சின்டர் வெண்கலம் நன்றாக ஓடும். இரண்டு இடத்திலும் பெருக்கற்பலன் ஒன்றே, தேர்வோ தலைகீழ். அழுத்தத்தின் எல்லை பொருள் நசுங்கும் புள்ளியிலிருந்தும், வேகத்தின் எல்லை பரப்பின் கணநேர வெப்பத்திலிருந்தும், பெருக்கத்தின் எல்லை மொத்த வெப்பம் வெளியேறும் திறனிலிருந்தும் வருவதால், ஒன்றை வைத்து மற்றொன்றை ஈடுகட்ட முடியாது.

நம் ஐட்லரில் அழுத்தம் 1.6, வேகம் 0.21. இந்த இரண்டு எல்லைகளையும் நான்கு பொருள்களும் சிரமமின்றிக் கடக்கின்றன. பெருக்கத்தில் மட்டும் நைலானும் டெல்ரினும் மூன்று மடங்குக்கு மேல் மீறுகின்றன. மற்ற மூன்றும் தங்கள் எல்லையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கின்றன.

பட்டியல் எண்கள் அறை வெப்பநிலையில் எடுக்கப்பட்டவை என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். புழுங்கல் ஆலையில் கொதிகலனுக்கும் உலர்த்திக்கும் அருகில் காற்றே 50 பாகை செல்சியஸ் இருக்கலாம். சின்டர் புஷ்ஷில் உள்ள சாதாரண எண்ணெய்க்கு 80 பாகை நீண்ட கால எல்லை என்று கொண்டால், 25 பாகை அறையில் 55 பாகை ஏற இடம் இருந்தது, இங்கே 30 பாகை மட்டுமே இருக்கிறது. பி.வி. எல்லையையும் அதே விகிதத்தில், ஏறத்தாழ 0.95 ஆகக் குறைத்துக்கொள்வது தோராயமானாலும் நேர்மையான வழி. அப்போதும் 0.335 உள்ளேயே நிற்கிறது.

நைலான், டெல்ரின்: முதலில் விலகுபவை

லேத்தில் எளிதாகக் கடையலாம், விலை குறைவு, துருப்பிடிக்காது, சத்தம் இல்லை என்பதால் ஆலைகளில் நைலான் புஷ் மீது ஒரு விருப்பம் இருக்கிறது. அந்த நன்மைகள் உண்மையானவை. கதவுத் தகடுகளின் அச்சிலும், எப்போதாவது அசையும் நெம்புகோலிலும் அதைவிடச் சிறந்தது வேறில்லை. நம் ஐட்லருக்கு அது பொருந்தாததற்கு வெப்பம் முதல் காரணம். ஈரம் இரண்டாவது காரணம்: நைலான் 6 நீரில் முழுமையாக ஊறினால் தன் எடையில் 8 விழுக்காட்டுக்கும் மேல் நீரை உறிஞ்சி உப்பும்; உலோகக் கூட்டுக்குள் இறுக்கமாக அழுத்தப்பட்ட புஷ் வெளியே உப்ப வழியில்லாமல் உள்விட்டத்தைச் சுருக்கித் தண்டைப் பிடிக்கும். டெல்ரினில் நீர் உறிஞ்சல் 1 விழுக்காட்டுக்கும் குறைவாதலால் இந்தத் தொல்லை சிறிது. வெப்ப விரிவும் அதே திசையில் வேலை செய்கிறது. இவ்வகைப் பிளாஸ்டிக்குகள் எஃகைப் போல ஏழெட்டு மடங்கு விரிகின்றன. அதனால் வெண்கலத்தில் 0.03 மில்லிமீட்டர் இடைவெளி விடும் இடத்தில் பிளாஸ்டிக்கில் 0.1 மில்லிமீட்டருக்கும் மேல் விட வேண்டியிருக்கிறது.

சுற்றைக் குறைத்தால் டெல்ரின் போதுமே என்று ஒருவர் சொல்லலாம். நிமிடத்துக்கு 40 சுற்று என்றால் பி.வி. 0.067, எல்லைக்குள் வந்துவிட்டது. இந்த இடத்தில்தான் நான் இக்கட்டுரையில் சொல்ல விரும்பும் முதன்மையான கருத்து இருக்கிறது. பி.வி. எல்லைக்குள் இருப்பது புஷ் இன்று உருகிப் பிடிக்காது என்பதற்கு மட்டுமே உறுதி. அது எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கு அது எந்த உறுதியும் தருவதில்லை. தேய்மானம் தனிக் கணக்கு. தேய்ந்த ஆழம் என்பது தேய்மானக் காரணியை அழுத்தத்தாலும் சறுக்கிய தூரத்தாலும் பெருக்கினால் கிடைப்பது. எஃகில் உலர் நிலையில் ஓடும் கலப்பற்ற டெல்ரினுக்கு அந்தக் காரணி, ஒரு நியூட்டன் சுமையில் ஒரு மீட்டர் சறுக்கினால் ஒரு கன மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் 1.3 பங்கு என்ற அளவில் பட்டியலிடப்படுகிறது. 40 சுற்றில் 1000 மணி நேரம் ஓடினால் தண்டின் பரப்பு ஏறத்தாழ 1,50,000 மீட்டர், அதாவது 150 கிலோமீட்டர் சறுக்குகிறது. 1.6 மெகாபாஸ்கலில் தேயும் ஆழம் 0.31 மில்லிமீட்டர். நாளுக்கு 12 மணி நேரம் என்றால் இது மூன்று மாதத்துக்கும் குறைவான காலம். பி.வி. எல்லைக்குள் பத்திரமாக இருந்த புஷ், மூன்று மாதத்தில் செயின் ஆடும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். அதுவும் தூசியே இல்லாத கணக்கு இது.

வேறொரு எச்சரிக்கையும் இதோடு சேர்ந்தது. பி.வி. எல்லை என்ற பெயரில் பட்டியல்கள் தரும் எண் எல்லாம் ஒரே பொருளில் இல்லை. சில, வெப்பநிலை நிலைகொள்ளாமல் ஏறிக்கொண்டே போகும் புள்ளியைத் தருகின்றன. வேறு சில, குறிப்பிட்ட ஒரு தேய்மான வேகத்துக்கு உட்பட்ட புள்ளியைத் தருகின்றன. இரண்டுக்கும் இடையில் பெரிய வேறுபாடு இருக்கலாம். ஒரு தயாரிப்பாளரின் எண்ணையும் இன்னொருவரின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் முன், எந்தச் சோதனையில் எடுத்த எண் என்று பார்க்க வேண்டும்.

எஃகு முதுகு டெஃப்லான் புஷ்: திறன் மிகுதி, இருப்பு குறைவு

கடைகளில் டி.யூ. புஷ் என்று கேட்டு வாங்கப்படும் இவ்வகையின் கட்டமைப்பு அழகானது. மெல்லிய எஃகுத் தகட்டின் மீது ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர் தடிப்புக்கு வெண்கலத் துகள்களைச் சின்டர் செய்து, அதன் நுண்துளைகளில் டெஃப்லான் கலவையை நிரப்பி, மேலே மிக மெல்லிய மேற்பூச்சும் இட்டு, தகட்டைச் சுருட்டி புஷ்ஷாக்குகிறார்கள். தூய டெஃப்லானின் பி.வி. எல்லை 0.035 மட்டுமே, அழுத்தத்தில் அது பிதுங்கும், விரைவில் தேயும். அதே டெஃப்லானை வெண்கலக் கூட்டுக்குள் அடைத்தால் வெண்கலம் சுமையைத் தாங்கி வெப்பத்தையும் கடத்த, டெஃப்லான் வழவழப்பை மட்டும் தருகிறது. முதல் சில மணி நேரத்தில் மேற்பூச்சின் ஒரு பகுதி தண்டில் ஒட்டிப் படலமாகி, பிறகு படலத்தின் மேல் படலம் சறுக்குகிறது. கிரீஸ் தேவையில்லை. உணவுப் பொருளில் எண்ணெய் படக்கூடாத இடத்திலும், 200 பாகையைத் தாண்டும் அடுப்பு வாயிலும் இதற்கு நிகரான எளிய தீர்வு இல்லை.

ஆனால் தேய்வதற்கு இதில் இருப்பது ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகளே. அது தீர்ந்து வெண்கலம் பெருமளவு வெளிப்பட்ட பிறகு உராய்வு திடீரென ஏறும். அந்தத் தடிப்பைக் காப்பாற்றத் தண்டு மென்மையாக மெருகேற்றப்பட்டிருக்க வேண்டும். சராசரிச் சொரசொரப்பு 0.4 மைக்ரோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. லேத்தில் கடைந்த தண்டை அப்படியே போட்டால் அரம் போல வேலை செய்யும். பொருத்திய பிறகு உள்ளே ரீமர் (துளையைச் சரியான அளவுக்குக் கடையும் கருவி) விடவும் முடியாது. ஆகவே கூட்டின் துளை முதலிலேயே அளவு துல்லியமாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக உமித்தூசி. நெல் உமியை எரித்தால் எஞ்சும் சாம்பல் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதாவது உமி என்பது பார்க்க மென்மையானாலும் உள்ளே மணலின் பொருளைச் சுமந்திருக்கிறது. உலர்ந்து ஓடும் புஷ்ஷில் புகுந்த துகள் வெளியேற வழியே இல்லை. பி.வி. எண்ணில் இந்த புஷ்ஷுக்கு ஐந்து மடங்கு இடம் இருந்தும், நம் இடத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்கத் தயங்குவது இதனால்தான்.

சின்டர் வெண்கலம்: கவனிக்க ஆள் இல்லாத இடத்துக்கு

90 விழுக்காடு செம்பும் 10 விழுக்காடு வெள்ளீயமும் கலந்த தூளை அச்சில் அழுத்திச் சூட்டில் பிணைத்தால் கிடைப்பது பஞ்சு போன்ற உலோகம். அதன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெயாகவே இருக்கும். தண்டு சுழலும்போது உண்டாகும் இழுப்பும் வெப்பமும் எண்ணெயைத் துளைகளிலிருந்து வெளிக்கொணர்கின்றன. நின்றதும் நுண்புழை ஈர்ப்பால் எண்ணெய் மீண்டும் உள்ளே போகிறது. இதனால் ஆண்டுக்கணக்கில் எண்ணெய் விடாமலே ஓடும் மின்விசிறிகளும் சிறு மோட்டார்களும் நமக்குக் கிடைத்தன. 0.335 என்ற நம் பி.வி.க்கு இது முழுமையாகத் தகுதியுள்ள பொருள்.

இதைக் கெடுக்கும் இரண்டு பழக்கங்களைச் சொல்லாமல் விட முடியாது. அளவு சற்று இறுக்கமாக இருக்கிறது என்று மழுங்கிய டூலால் உள்ளே கடைந்தால் உலோகம் வழிந்து துளைகளை மூடிவிடும். பிறகு அது எண்ணெய் தராத வெறும் வெண்கலம், அதுவும் வார்ப்பைவிட வலுக் குறைந்த வெண்கலம். அளவு சரிசெய்ய வேண்டுமானால் மிகக் கூர்மையான டூலில் மிகச் சிறிதளவே எடுக்க வேண்டும், அல்லது மெருகு ஊசியை அழுத்தி விட வேண்டும். மற்றொன்று, அட்டைப்பெட்டியிலோ காகிதத்திலோ சுற்றி மாதக்கணக்கில் வைப்பது. காகிதம் எண்ணெயை உறிஞ்சிவிடும். அரிசி ஆலையில் நேரும் சிக்கலும் இதே வகையைச் சேர்ந்தது. புஷ்ஷின் ஓரத்தில் படியும் உமித்தூளும் தவிட்டுத்தூளும் அந்தக் காகிதத்தின் வேலையைச் செய்து, எண்ணெயைத் துளித்துளியாக வெளியே இழுக்கும். ஓரத்தை ஃபெல்ட் வளையத்தாலோ ரப்பர் சீலாலோ மூடி, புஷ்ஷின் வெளிப்புறத்தில் எண்ணெய் நனைத்த ஃபெல்ட்டையும் வைத்தால் இந்தக் குறை பெரும்பாலும் நீங்கும். 28 மில்லிமீட்டர் வெளிவிட்டத்துக்குள் அதற்கு இடம் கிடைக்குமா என்பது ஒவ்வொரு இயந்திரத்திலும் பார்க்க வேண்டியது.

கிரீஸ் இட்ட வார்ப்பு வெண்கலம்

பட்டியலில் மிக உயர்ந்த பி.வி. இதற்கே, ஆனால் அந்த 2.6 என்ற எண் மசகு தவறாமல் கிடைக்கும் என்ற நிபந்தனையோடு வந்தது. கிரீஸ் மறந்துபோன வெண்கல புஷ்ஷுக்கு அந்த எண் பொருந்தாது. கையால் கிரீஸ் துப்பாக்கி பிடிக்கும் இடங்களில் பட்டியல் எல்லையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நான் எடுத்துக்கொள்வதில்லை. அப்படிப் பார்த்தாலும் 0.87 வரை இடம் இருக்கிறது, நமக்குத் தேவை 0.335.

கிரீஸ் இருப்பதால் தண்டு முழுப் படலத்தில் மிதக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. படலம் உருவாவது மசகின் பிசுக்குமையும் சுற்றும் கூடும்போது, அழுத்தம் குறையும்போது. 200 சுற்றில் 1.6 மெகாபாஸ்கல் சுமைக்கு அந்தச் சேர்க்கை போதாது. உலோகமும் உலோகமும் அங்கங்கே தொட்டுக்கொண்டேதான் ஓடும். அதனால்தான் பி.வி. கணக்கு இங்கே செல்லுபடியாகிறது. மின்நிலைய டர்பைன் போன்ற வேகமான தண்டுகளில் எண்ணெய்ப் படலம் முழுமையாகச் சுமையைத் தூக்கும்போது பி.வி. எல்லைக்குப் பொருளே இல்லை. அங்கே படலத்தின் தடிப்பும் எண்ணெயின் வெப்பமுமே கணக்கு.

கிரீஸ் துளை எங்கே வருகிறது என்பது இந்தத் தேர்வின் உயிர்நாடி. 1883இல் பிரிட்டனில் பீச்சம் டவர், ரயில் அச்சுத் தாங்கிகளைச் சோதித்தபோது, தாங்கியின் உச்சியில் சுமை விழும் இடத்தில் இருந்த எண்ணெய்த் துளையை மரக்கட்டையால் அடைத்தார். சுழலும் தண்டு உண்டாக்கிய எண்ணெய் அழுத்தம் அந்த அடைப்பை வெளியே தள்ளிவிட்டது. அழுத்தமானியைப் பொருத்தியபோது சராசரிச் சுமை அழுத்தத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் காட்டியது. இந்தச் சோதனைக்கு விளக்கமாக 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதிய சமன்பாடுதான் இன்றுவரை மசகியலின் அடித்தளம். நம் பட்டறைகளுக்கு அதிலிருந்து வரும் பாடம் நேரடியானது: சுமை விழும் பக்கத்தில் துளையோ காடியோ இருந்தால் மசகு உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே வரும். ஐட்லர் செயினைக் கீழிருந்து தாங்கினால் சுமை புஷ்ஷின் அடிப்பக்கத்தில்; மேலே உள்ள நிப்பிள் (கிரீஸ் செலுத்தும் வாய்) சரி. ஐட்லர் செயினை மேலிருந்து அழுத்தினால் தண்டு மேல்நோக்கித் தள்ளப்படும். அப்போது கைக்கு எட்டுகிறது என்று மேலே வைத்த நிப்பிள் சரியாகச் சுமைப் பகுதியிலேயே இருக்கும். இதைப் பாராமல் வெண்கலத்தின் தரத்தைக் குறை சொல்வது அநேகமாக நடக்கிறது.

வார்ப்பின் தரத்திலும் கவனம் வேண்டும். எஸ்.ஏ.இ. 660இல் செம்பு 83, வெள்ளீயம் 7, ஈயம் 7, துத்தநாகம் 3 விழுக்காடு. அந்த ஈயம் வீணாகச் சேர்க்கப்பட்டதன்று. புகுந்த தூசித் துகளைத் தன்னுள் அமிழ்த்திக்கொள்ளவும், கிரீஸ் சற்று நேரம் இல்லாதபோது பிடிக்காமல் தாங்கவும் அதுவே உதவுகிறது. கன்மெட்டல் என்று பொதுப்பெயரில் வரும் வார்ப்பு, பழைய உலோகத்தை உருக்கியதாக இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. கலவைச் சான்றோடு வரும் தொடர்வார்ப்புக் குழாயை வாங்கிக் கடைவது சற்றுக் கூடுதல் விலையானாலும் தகும். அமிழ்ந்த துகள் தண்டைத் தேய்க்கும் என்பதால் தண்டு புஷ்ஷைவிட நன்கு கடினமாக இருக்க வேண்டும், ஈ.என்.8 எனப்படும் நடுத்தரக் கார்பன் எஃகுத் தண்டை இண்டக்ஷன் (மின்தூண்டல்) முறையில் கடினப்படுத்தி அரைத்துக்கொள்வது போதும்.

உமித்தூசி நிறைந்த இடத்தில் மற்ற மூன்றும் செய்யாத ஒன்றை இது செய்கிறது. ஒவ்வொரு முறை புதிய கிரீஸ் செலுத்தும்போதும் பழைய கிரீஸ் தூசியோடு ஓரத்தின் வழியே வெளியே வருகிறது. வெளியே திரண்டு நிற்கும் வளையம் அடுத்த தூசிக்குத் தடையாகிறது. அதைத் துடைத்துச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று எண்ணும் பணியாளரிடம், துடைக்க வேண்டாம் என்று சொல்லிவைப்பது நல்லது. நெல்லோ அரிசியோ நேரடியாகக் கீழே போகும் இடமானால் மட்டும் கீழே ஒரு தகடு வைத்து, உணவுத்தர கிரீஸையே பயன்படுத்த வேண்டும்.

முடிவும் அதை மாற்றும் சூழல்களும்

ஆகவே இந்த ஐட்லருக்கு என் தேர்வு, ஈயம் கலந்த தொடர்வார்ப்பு வெண்கலம். 25 மில்லிமீட்டர் நீளம், பொருத்திய பிறகு 0.03 மில்லிமீட்டர் அளவு இடைவெளி, சுமைக்கு எதிர்ப்பக்கத்தில் கிரீஸ் துளை, கடினப்படுத்திய தண்டு. அழுத்திச் செருகும்போது வெளிவிட்டத்தின் இறுக்கத்தில் பெரும்பகுதி உள்விட்டச் சுருக்கமாக வந்துவிடும் என்பதால், கடைசி அளவைச் செருகிய பின்னரே எடுக்க வேண்டும்.

இந்த ஐட்லர் மேல்தளத்தில், ஏணி வைத்தால்தான் எட்டும் இடத்தில் இருந்தால் நான் மனம் மாறி, நன்கு மூடிய சின்டர் புஷ்ஷுக்குப் போவேன். எட்டாத நிப்பிளுக்கு கிரீஸ் போகாது என்பது எல்லா ஆலைகளுக்கும் பொதுவான நடைமுறை. உலர்த்தியின் சூடான காற்று நேராக வீசும் இடமாக இருந்து, தூசி குறைவாகவும் தண்டு அரைத்ததாகவும் இருந்தால் டெஃப்லான் புஷ். வேகம் 10 சுற்றுக்கும் கீழே போய், நாளுக்குச் சில நிமிடங்களே அசையும் இடமானால் டெல்ரின்.

எதைப் போட்டாலும், முதல் 500 மணி நேரத்துக்குப் பிறகு ஒரு முறை கழற்றி, சுமை விழும் திசையில் உள்விட்டத்தை அளந்து தேய்ந்த ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த 500 மணி நேரத்தில் தண்டு 377 கிலோமீட்டர் சறுக்கியிருக்கும். தேய்ந்த ஆழத்தை அந்தத் தூரத்தாலும் 1.6 என்ற அழுத்தத்தாலும் வகுத்தால், அந்த ஆலையின் தூசி, ஈரம், கிரீஸ் பழக்கம் எல்லாம் உள்ளடங்கிய தேய்மானக் காரணி கிடைக்கும். அடுத்த புஷ்ஷை எப்போது மாற்றுவது என்பதை எந்தப் பட்டியலையும் பாராமல் அதை வைத்தே கணக்கிடலாம்.